வீடா, காபி ஷாப்பா, வாடகை மேசையா? லேப்டாப்போடு உட்கார ஓர் இடம்

மடிப்பாக்கத்தில் இருக்கும் தோழி மூன்று வாரத்துக்கு முன் போனில் கேட்டாள்: "ஒரே ஒரு பெட்ரூம் வீடுப்பா. பதினோரு மணிக்கு அத்தைக்கு டிவி வேணும். மூணு மணிக்குப் பையன் ஸ்கூல் விட்டு வந்துடுவான். பேசாம மெயின் ரோடு காபி ஷாப்ல போய் உக்காந்துடட்டுமா? இல்ல மாசாமாசம் காசு கட்டி கோ-ஒர்க்கிங்ல ஒரு சீட் எடுக்கட்டுமா?"

இதே கேள்வியோடு வேறு இரண்டு பேரும் இந்த மாதம் வந்தார்கள். ஆறு வருஷமாக நான் சென்னையில் உட்கார்ந்து வெளியூர் நிறுவனங்களுக்கு மென்பொருள் கையேடு எழுதுகிறேன். வீடு, ஏசி காபி ஷாப், தெருமுனை ஓட்டல், கோ-ஒர்க்கிங் (பல பேர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகம்), நூலகம் என்று எல்லா இடத்திலும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. அவளிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

ஒரு காபி என்ன விலை என்று பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தப்பும். நாம் வாங்குவது உட்காரும் நேரம். அதனால் முதல் அளவுகோல், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பது. காபி, வரி, பார்க்கிங், ஆட்டோ எல்லாம் இதில் சேரும்.

இரண்டாவது, அங்கே வாய் திறந்து பேச முடியுமா? ஒரு நாளில் நான்கு மீட்டிங் உள்ளவருக்கும், நாள் முழுக்கப் புரோகிராம் எழுதுபவருக்கும் ஒரே இடம் ஒத்துவராது.

மூன்றாவது யாரும் யோசிக்காதது. பாத்ரூம் போகும்போது லேப்டாப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? தனியாகப் போகிறவர் ஒவ்வொரு முறையும் சார்ஜரைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, பையை மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வரும்போது அந்த மேசையில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் மூன்று மணி நேரம் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அது உடம்புக்கு நல்லதல்ல, அப்படி ஓர் இடம் உங்களுக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் நெட், பிளக் பாயின்ட், நாற்காலி. கடைசியாக ஒன்று: பார்ப்பது யாருடைய தகவல்? திரையில் வாடிக்கையாளரின் போன் நம்பரோ வங்கிக் கணக்கோ ஓடுகிறதென்றால், பொது இடத்தில் உட்கார உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பல ஒப்பந்தங்களில் இதற்கென்றே ஒரு வரி இருக்கும்.

## வீடு

வீட்டுக்கு வாடகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று, அதனால் இலவசம் என்று நினைக்கிறோம். கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள்.

சின்ன அறையில் ஒரு ஏசி ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 மணி நேரம், இரண்டு மாதத்தில் 44 வேலை நாள். 264 யூனிட் கூடுகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கும் கிடைத்த சலுகையும் போய்விடும். மேலே ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடும். முன்பு 350 யூனிட்டில் நின்ற வீடு 614-க்குப் போனால், கூடுதலாக எரித்த 264 யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டினதாக ஆகாது. பழைய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். சித்திரை, வைகாசி மாத வெயிலில் வெளியே ஓர் இடம் தேடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

காசைவிடப் பெரிய செலவு இன்னொன்று உண்டு. வீட்டில் இருப்பவரை யாரும் வேலையில் இருப்பவராக நினைப்பதில்லை. சிலிண்டர் வந்தால், கூரியர் வந்தால், மோட்டார் போட வேண்டுமென்றால் கூப்பிடுவது அவரைத்தான். அதிலும் மருமகளாக இருந்தால் சொல்லவே வேண்டாம். என் தோழிக்கு வீட்டில் இரைச்சல் கூடப் பெரிய பிரச்சினை இல்லை. கதவைச் சாத்தினால் வீட்டில் எல்லாருடைய முகமும் மாறிவிடுகிறது. அவளுக்கு வேண்டியது "ஆபீஸ் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டுவதற்கு ஓர் இடம்.

ஆனாலும் ரகசியத் தகவல் உள்ள வேலைக்கும், நீளமான மீட்டிங்குக்கும், இரவு பத்து மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு பேசுவதற்கும் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது.

## ஏசி காபி ஷாப்

காபியையும் கம்ப்யூட்டரையும் ஒன்றாக விற்பது நம் ஊர்ப்பக்கம் புதிதல்ல. 1996-ல் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே திறந்தபோதே காபியோடு இன்டர்நெட்டையும் சேர்த்துத்தான் விற்றார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் கடையில் இருந்தது. இன்றைக்கு நாம் தூக்கிக்கொண்டு போகிறோம்.

இங்கே கிடைக்கும் பெரிய வசதி, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு பெண் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. சாதாரண ஓட்டலில் இந்த நிம்மதி கிடைப்பதில்லை என்று தோழிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே கூடக் காசு கொடுக்கலாம்.

இரைச்சலும் ஓரளவுக்கு உதவும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், 70 டெசிபல் அளவு சத்தத்தில் இருந்தவர்கள் புதிதாக யோசிக்க வேண்டிய வேலைகளை 50 டெசிபலில் இருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். 85-க்குப் போனபோது அந்தப் பலன் இல்லை. என் அனுபவமும் அதுதான். ஒரு கட்டுரையின் முதல் வரைவு காபி ஷாப்பில் மளமளவென்று வரும். அதே இடத்தில் பிழை திருத்த உட்கார்ந்தால் ஒரே வரியை நான்கு முறை படிப்பேன்.

இப்போது காசு. சென்னையில் ஒரு பெரிய சங்கிலிக் கடையில் கப்புச்சினோ வரியோடு 250 முதல் 300 ரூபாய் வரை வந்துவிடுகிறது. சராசரி 280 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு ஆர்டராவது சொல்வதுதான் நியாயம். நாளுக்கு 560. மாதம் 22 நாளுக்கு 12,320 ரூபாய். பார்க்கிங்கும் ஆட்டோவும் தனி. தினம் போகிறவருக்கு இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு வைக்கும் இடம் இதுதான். பத்து ரூபாய், இருபது ரூபாய் பார்த்துச் செலவு செய்யும் குடும்பங்களில் கூட இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், ஒரே தடவையாக இல்லாமல் துளித்துளியாகப் போவதுதான்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு வரி இருந்தால் கவனியுங்கள். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். அந்தக் காசைப் பரிமாறிய தம்பி கையில் நேராகக் கொடுப்பது எனக்குப் பிடித்த வழி.

கடை வைஃபைக்குப் போன் நம்பர் கொடுத்து ஓடிபி போட வேண்டும். அதைச் செய்துவிட்டு அலுவலக மெயிலைத் திறக்காதீர்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டே பாதுகாப்பு. ஆனால் ஒரு மணி நேர வீடியோ மீட்டிங் ஏறக்குறைய 1 ஜிபி தின்னும். தினம் 1.5 ஜிபி பிளானில் இருப்பவருக்கு இரண்டாவது மீட்டிங்கின் நடுவில் படம் உறைந்து நிற்கும். கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினால் தாங்கும்.

பேசுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன், ஒரு காபி ஷாப்பில் உட்கார்ந்து புது வாடிக்கையாளரோடு முதல் மீட்டிங் பேசிக்கொண்டிருந்தேன். விலை சொல்லும் நேரத்தில் எனக்குப் பின்னால் காபிக்கொட்டை அரைக்கும் மெஷினைப் போட்டார்கள். நிறுத்தினார்கள். மறுபடி போட்டார்கள். அந்தப் பக்கம் இருந்தவர் மூன்று முறை "சாரி?" என்றார். நான் ஒவ்வொரு முறையும் என் சம்பளத் தொகையைச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மேசை முழுவதற்கும் கேட்டிருக்கும். அந்த வேலை கிடைத்தது, ஆனால் அன்றிலிருந்து பணம் பற்றிப் பேசும் எந்த மீட்டிங்கையும் நான் வெளியே வைத்துக்கொள்வதில்லை.

இன்னொரு செலவு உடம்பில் ஏறுகிறது. இடத்துக்கு வாடகையாகக் காபியே குடித்துக்கொண்டிருப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் ஒரு நாளைக்குக் கஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. 150 மில்லி டிக்காக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும் என்பதும் அதிலேயே உள்ளது. காலையில் வீட்டில் ஒன்று, கடையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று. உடம்பில் ஏறிய கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். நாலு மணிக் காபி ஒன்பது மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. இரண்டாவது ஆர்டராக எலுமிச்சை ஜூஸோ மோரோ சாண்ட்விச்சோ சொல்லுங்கள். கடைக்கும் வியாபாரம், உங்களுக்கும் தூக்கம்.

## தெருமுனை ஃபில்டர் காபி ஓட்டல்

எனக்கு மனசுக்கு நெருக்கமான இடம் இது. எங்கள் தெருமுனையில் இருக்கும் சைவ ஓட்டலில் காலை பத்தே காலுக்குப் போனால் டிபன் கூட்டம் வடிந்திருக்கும். ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே "காபி தானே சார், சக்கரை கம்மி?" என்பார் சர்வர். டபராவில் நுரையோடு வரும். டம்ளரின் விளிம்பைப் பிடித்து ஒரு ஆற்று ஆற்றிவிட்டு முதல் வாய் குடிக்கும்போது, முந்தின நாள் எங்கே நிறுத்தினோம் என்பது தானாக நினைவுக்கு வரும்.

காபி 50, ஒரு வடை 50, அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி. 105 ரூபாய். மாதம் 22 நாள் போனால் 2,310.

ஆனால் இது ஒன்றரை மணி நேர இடம். அதற்கு மேல் உட்காரக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஓட்டல்காரரின் வருமானம் ஒரு மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்பவருக்குப் பக்கத்தில், நாலு பேர் மேசையில் லேப்டாப்பை விரித்து, காலி டம்ளரோடு உட்கார்ந்திருப்பது சர்வரின் அன்றைய டிப்ஸையும் சேர்த்து மறிப்பது. காலை 10:15 முதல் 12 வரை, மதியம் 2:45 முதல் 4:15 வரை. இந்த இரண்டு இடைவெளியில் போனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நாலரைக்கு பஜ்ஜி போட ஆரம்பித்துவிட்டால் எழுந்துவிடுங்கள்.

பிளக் பாயின்ட்டை எதிர்பார்க்காதீர்கள். முழு சார்ஜோடு போங்கள். மேசை சாப்பிடுவதற்கான உயரம் என்பதால் தட்டச்சு செய்யும்போது தோள் தூக்கியே இருக்கும். எவர்சில்வர் தட்டுகள் விழும் சத்தத்தில் மீட்டிங் பேசவே முடியாது. படிக்க, குறிப்பெடுக்க, மெயில்களுக்குப் பதில் போட அருமையான இடம். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நோட்டும் பேனாவுமாகப் போகும் நாள்களில்தான் எனக்கு அங்கே அதிக வேலை நடக்கிறது.

## கோ-ஒர்க்கிங்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாற்காலி நன்றாக இருக்கும், நெட் நிற்காது, பேச அறை இருக்கும், பையை விட்டுவிட்டுப் பாத்ரூம் போகலாம். நகரின் இடத்தைப் பொறுத்து ஒரு சீட்டுக்கு மாதம் 5,000-லிருந்து 10,000 வரை சொல்கிறார்கள். 7,000 என்று வைத்தால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 8,260. நீங்கள் சொந்தத் தொழில் செய்து ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் இந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ளலாம். காபி ஷாப் பில்லில் கட்டிய வரியை அப்படிக் கழிக்க முடியாது.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: முன்பணம் எவ்வளவு, விட்டுப்போக எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், மீட்டிங் அறை மாதத்துக்கு எத்தனை மணி நேரம் இலவசம். நான் ஒரு இடத்தில் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால் போகாத ஒரு மாதத்துக்குப் பணம் கட்டினேன்.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போவீர்கள் என்றால் மாதச் சீட் வேண்டாம். நாள் பாஸ் போதும்.

## நூலகமும் முதல்வர் படைப்பகமும்

பலர் இதை யோசிப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

2010 செப்டம்பரில் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளம். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. மதுரைக்காரர்களுக்குப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். காசு கிடையாது. சுற்றிலும் டிஎன்பிஎஸ்சிக்கும் யுபிஎஸ்சிக்கும் படிக்கும் பிள்ளைகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவே உட்கார்ந்து போனை நோண்ட மனசு வராது. லேப்டாப்புக்கு எந்தப் பகுதியில் அனுமதி, எங்கே பிளக் பாயின்ட் என்பதை முகப்பில் கேட்டுவிட்டு மேலே ஏறுங்கள். போன் பேச வெளியே வர வேண்டும். காலையில் தாமதமாகப் போனால் நல்ல இடம் கிடைக்காது.

இன்னொன்று, சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம். மாநகராட்சி நடத்தும் பணியிடமும் படிப்பகமும் சேர்ந்த கட்டடம். பணியிடத்துக்கு அரை நாள் 50 ரூபாய், முழு நாள் 100, மாதம் 2,500 என்று கட்டணம் வைத்துத் திறந்தார்கள். ஒரு கப்புச்சினோ விலையில் இரண்டு முழு நாளுக்கு மேல் உட்காரலாம். மீட்டிங் அறையும் உண்டு. சீட்டுகள் குறைவு என்பதால் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. மடிப்பாக்கத்திலிருந்து கொளத்தூர் நகரத்தின் அந்தக் கோடி, அதனால் தோழிக்கு ஆகாது. வடசென்னையில், பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

## கணக்கு ஒரே பார்வையில்

22 வேலை நாளுக்கு, பயணச் செலவு சேர்க்காமல்:

| இடம் | உட்காரும் நேரம் | மாதம் (ரூ.) | மணிக்கு (ரூ.) | மீட்டிங் பேசலாமா |
|---|---|---|---|---|
| ஏசி காபி ஷாப் | தினம் 3 மணி | 12,320 | 187 | ஐந்து நிமிடம் போதுமென்றால் |
| ஃபில்டர் காபி ஓட்டல் | தினம் ஒன்றரை மணி | 2,310 | 70 | முடியாது |
| கோ-ஒர்க்கிங் | தினம் 8 மணி | 8,260 | 47 | அறையில் பேசலாம் |
| முதல்வர் படைப்பகம் | தினம் 8 மணி | 2,500 | 14 | அறையில் பேசலாம் |
| நூலகம் | திறந்திருக்கும் நேரம் | 0 | 0 | வெளியே வந்து |

வீட்டை இதில் சேர்க்கவில்லை. போன கோடைகாலத்து இபி பில்லையும் அதற்கு முந்தின பில்லையும் பக்கத்தில் வைத்து நீங்களே போட வேண்டிய கணக்கு அது.

## யாருக்கு எது

நாளுக்கு இரண்டு மீட்டிங்குக்கு மேல் உள்ளவர் காபி ஷாப்பை மறந்துவிடுங்கள். வீட்டில் கதவு உள்ள ஓர் அறை கிடைத்தால் வீடு, இல்லாவிட்டால் கோ-ஒர்க்கிங் அல்லது படைப்பகம்.

வாடிக்கையாளர் தகவலைக் கையாள்பவர் வீட்டை விட்டு நகரக் கூடாது. வெளியே போயே ஆக வேண்டுமென்றால் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

தனியாக எழுதுபவர், வடிவமைப்பவர், தேர்வுக்குப் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்ப்பவர் நூலகத்துக்குப் போகலாம். ஒரே அறையில் நாள் முழுக்க அடைந்து கிடந்து மனிதக் குரலே கேட்காமல் சோர்ந்துபோகிறவருக்கு நூலகத்தின் அமைதியும் உதவாது. அவருக்குக் காபி ஷாப்போ ஓட்டலோதான் சரி. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் (ஓட்டலென்றால் ஒன்றரை), ஒரே கடை, ஒரே நேரம். ஒரு மாதத்தில் கல்லாவில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். தனியாக வேலை செய்பவருக்கு அந்தத் தலையசைப்பு பெரிய விஷயம். எட்டு ஒன்பது நாளுக்கு 5,000 ரூபாய் போல ஆகும், ஓட்டலென்றால் ஆயிரத்துக்குள்.

தோழிக்கு நான் சொன்னது இது. காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரைதான் அவளுக்கு வெளியே இடம் தேவை. மதியம் அத்தை தூங்கிவிடுவார், வீடு அமைதியாகிவிடும், மீட்டிங்குகளை ஒன்றரையிலிருந்து மூன்றுக்குள் தள்ளிவிடலாம். வேளச்சேரிப் பக்கம் நாள் பாஸ் கொடுக்கும் ஒரு கோ-ஒர்க்கிங்கில் செவ்வாயும் வியாழனும், வெள்ளிக்கிழமை மட்டும் மெயின் ரோடு காபி ஷாப். திங்களும் புதனும் வீட்டிலேயே.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு நேற்று மெசேஜ் போட்டிருந்தாள். வியாழக்கிழமையைப் புதனுக்கு மாற்றிக்கொண்டாளாம், அன்றைக்குத்தான் அங்கே ஜன்னலோர மேசை காலியாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை காபி ஷாப்புக்கு அத்தையும் ஒரு நாள் வரேன் என்று சொல்லியிருக்கிறாராம்.